மீசை வைத்த அம்மாவின் ஊரில் ஐந்து நாள்

டிசம்பர் 25, திங்கள் – வல்லபீபூர் சாலை

குஜராத்தின் பாவ்நகருக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது பேருந்தின் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. ஓட்டுநர் சுற்றி வந்து பார்த்துவிட்டு கையை விரித்தார். அகமதாபாத்தில் வேலை பார்க்கும் என் தம்பி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் அவன் மகள், நான், மூன்று பேரும் பைகளைத் தூக்கிக்கொண்டு சாலையோர டீக்கடைக்கு நடந்தோம்.

கடையில் உட்காரக் கயிற்றுக் கட்டில்தான். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் நகர்ந்து இடம் விட்டு, "பேசோ, பென், பேசோ" என்றார்கள். உட்காருங்கள் அக்கா என்பதுபோல. இங்கே பெண்கள் எல்லோரும் பென், ஆண்கள் எல்லோரும் பாய். அடுத்த கேள்வி, சாப்பிட்டாச்சா? இல்லை என்று தம்பி சொன்னதும் ஒருவர் மடியிலிருந்த டப்பாவைத் திறந்தார். வெந்தயக்கீரை போட்ட தேப்லா ரொட்டி, மாங்காயைத் துருவி வெல்லப் பாகுபோல் ஆக்கிய சுந்தோ. எங்கள் மூவருக்கும் கொடுத்த பிறகு டப்பாவில் ஒன்றுதான் மிச்சம். அதையும் பாப்பா கையில் வைத்தார். டீ பத்து ரூபாய். தட்டில் ஊற்றிக் குடிக்கிறார்கள். பாப்பாவுக்குக் கொடுத்த பாலுக்குக் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கடைப் பலகையைப் பாப்பா எழுத்துக்கூட்டிப் படித்தாள். வல்லபீபூர்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. யாரைத் தேடி வந்தேனோ அவர் சின்ன வயதில் வளர்ந்து ஆரம்பக் கல்வி படித்த ஊர் இது. குழந்தைக் கல்வியாளர் கிஜுபாய் பதேகா, 1885 நவம்பர் 15-இல் சித்தல் என்ற கிராமத்தில் பிறந்தவர். அன்றைக்கு இந்த ஊருக்கு வளா என்று பெயர். அதற்கும் பல நூறு வருடம் முன்னால் மைத்ரக மன்னர்களின் தலைநகரம். சீனத்து யுவான் சுவாங் வந்து பார்த்த ஊர். வாய்வழியாகவே வந்த சமண ஆகமங்களை 5-ஆம் நூற்றாண்டில் இங்கே கூடித்தான் ஏட்டில் எழுதி வைத்தார்கள். இப்போது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பருத்திக் காடு, காய்ந்த காற்று, ஒரு டிராக்டர்.

வலங்கைமான் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் நாலாம் வகுப்பு டீச்சர். கிஜுபாய் 1932-இல் எழுதிய 'திவாஸ்வப்ன' என்ற சின்னப் புத்தகம் தமிழில் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. லட்சுமிராம் என்று ஒருவர், கல்வி அதிகாரியிடம் போய், ஒரு வருடம் ஒரு வகுப்பை என்னிடம் கொடுங்கள், என் வழியில் நடத்திக் காட்டுகிறேன் என்று கேட்கிறார். அவருக்குக் கிடைத்ததும் நாலாம் வகுப்புதான். போன கோடை விடுமுறையில் அதைப் படித்தேன். அரையாண்டு லீவு விட்டதும் கிளம்பிவிட்டேன்.

டயர் மாற்ற மூன்று மணி நேரம். பாவ்நகர் போய்ச் சேர்ந்தபோது ராத்திரி ஒன்பதரை. நல்ல குளிர்.

டிசம்பர் 26, செவ்வாய் – பாவ்நகர்

காலை ஏழு மணிக்குக் காட்டியா கடை முன்னால் நின்றோம். நம் ஊரில் இட்லிக் கடை முன்னால் நிற்கிற கூட்டம் இங்கே காட்டியாவுக்கு நிற்கிறது. கடலை மாவு, ஓமம், மிளகு, கொஞ்சம் சோடா, எண்ணெய். அந்த மனிதர் மாவை எலுமிச்சை அளவு கிள்ளி மரப்பலகையில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரே தள்ளு. மாவு முறுக்கிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஓடுகிறது. அப்படியே எண்ணெயில். பலகையில் மாவு ஒட்டவில்லை, கை ஒருமுறைகூட நிற்கவில்லை. நூறு கிராம் நாற்பது ரூபாய். செய்தித்தாளில் கொட்டி, உப்புப் புரட்டிய வறுத்த பச்சை மிளகாய் நாலு, மஞ்சளும் கடுகும் தாளித்த பப்பாளிக்காய்த் துருவல் ஒரு பிடி. வாயில் போட்டால் நம் காராசேவு மாதிரி கடிபடுவதில்லை, கரைந்துவிடுகிறது. பாப்பா மிளகாயை அலட்சியமாகக் கடித்தாள். அவள் குஜராத்தியாகிவிட்டாள் என்று தம்பி சொன்னான்.

ஆட்டோக்காரரிடம் கிஜுபாயின் குழந்தைகள் பள்ளி, பாலமந்திருக்குப் போகணும் என்றோம். "மூச்சாளி மா?" என்று திருப்பிக் கேட்டார். மீசை வைத்த அம்மா. கிஜுபாய்க்கு ஜனங்கள் வைத்த பெயர். பெரிய மீசை இருந்தது, குழந்தைகள் மடியை விட்டு இறங்கவில்லை, அதனால் அந்தப் பெயர். ஆட்டோ ஓட்டுகிறவர் ஒரு வாத்தியாரை இப்படி வீட்டு ஆள் மாதிரிச் சொல்வதை நான் எங்கள் பக்கம் கேட்டதில்லை.

அவர் படித்தது வக்கீல் படிப்பு. 1907-இல் பிழைப்புக்காகக் கிழக்கு ஆப்பிரிக்கா போய், 1909-இல் திரும்பி, பம்பாயில் சட்டம் படித்து, வட்வானில் வக்கீலாக இருந்தார். 1913-இல் மகன் பிறந்தான். இவனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்ற கவலைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். தான் அடி வாங்கிப் படித்த மாதிரியான பள்ளிக்கு மகனை அனுப்ப மனம் வரவில்லை. மாண்டிசோரி அம்மையாரின் குழந்தைக் கல்வி முறையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தார். 1916-இல் கோர்ட்டை விட்டுவிட்டு பாவ்நகரின் தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் வந்து சேர்ந்தார். நன்றாக வருமானம் வந்த தொழிலை விட்டுவிட்டு வாத்தியார் வேலைக்கு வருவது இன்றைக்கும் வீட்டில் சண்டை வரக்கூடிய முடிவு. முதலில் உயர்நிலைப் பள்ளியைத்தான் பார்த்துக்கொண்டார். பெரிய பிள்ளைகளோடு பழகப் பழக, இது இன்னும் கீழேயிருந்து தொடங்க வேண்டிய வேலை என்று தோன்றி, 1920 ஆகஸ்ட் 1-இல் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கான பாலமந்திரைத் தொடங்கினார். 1922-இல் குன்றின் மேல் அதற்கென்று கட்டிய கட்டடத்தைத் திறந்துவைத்தவர் கஸ்தூர்பா காந்தி.

குன்று என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். உச்சியில் தக்தேஷ்வர் கோயில், 1893-இல் மகாராஜா தக்த்சிங்ஜி கட்டிய வெள்ளைப் பளிங்குக் கோயில். வெயில் ஏறியும் தரை சில்லென்று இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது, தூரத்தில் கடல் ஒரு கோடாக. கோயிலில் நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்துவிட்டு பாலமந்திருக்கு வந்தால் குழந்தைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தப்பு என்னுடையதுதான். நான் கடிதம் போட்டுக் கேட்டிருந்ததே வியாழக்கிழமைக்கு. வாசலில் இருந்தவர், "வியாழன் காலையில் சீக்கிரம் வாங்க பென்" என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

சாயங்காலம் பாவ்-காட்டியா. துண்டுபோட்ட பன் மேல் காட்டியாவைத் தூவி, புளிப்பும் இனிப்புமான சட்னியை ஊற்றித் தருகிறார்கள். முப்பது ரூபாய். வேறு ஊரில் இது கிடைக்காது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் தமிழ்நாடு என்றதும், "எங்கள் மகாராஜா உங்களுக்குக் கவர்னராக இருந்தவர்" என்றார். உண்மைதான். தன் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த கிருஷ்ணகுமார்சிங்ஜி 1948 முதல் 1952 வரை மதராஸ் மாகாணத்தின் கவர்னர். எங்களுக்கு அது பரீட்சைக் கேள்வி. அவருக்கு நேற்று நடந்ததுபோல இருந்தது.

டிசம்பர் 27, புதன் – ஆம்ப்லா, ஸணோஸரா

கிஜுபாயைப் பற்றிப் பேசினால் நானாபாய் பட் என்பவரை விட முடியாது. சாமள்தாஸ் கல்லூரியில் பேராசிரியர். காந்தி 1888-இல் ஒரே ஒரு பருவம் படித்துவிட்டுப் போன அதே கல்லூரி. 1910 டிசம்பர் 28-இல் மாணவர் விடுதியாக தட்சிணாமூர்த்தி வித்யார்த்தி பவனைத் தொடங்கியவர் இவர்தான். அப்புறம் கல்லூரி வேலையை விட்டுவிட்டு இதற்கே முழுதாக வந்துவிட்டார். கிஜுபாய் குழந்தைகளை நோக்கிக் கீழே இறங்கினார் என்றால் நானாபாய் கிராமத்தை நோக்கி வெளியே போனார். 1938-இல் ஆம்ப்லாவில் கிராம தட்சிணாமூர்த்தி, 1953-இல் ஸணோஸராவில் லோக்பாரதி என்று கிராமத்துக் கல்வி நிறுவனங்களைத் தொடங்கினார்.

காலையில் பேருந்து பிடித்து சீஹோர் வழியாகப் போனோம். பாவ்நகர் 1723-இல் உருவாவதற்கு முன் சீஹோர்தான் தலைநகரம். செம்பு, பித்தளைப் பாத்திரக் கடைகள் வரிசையாக இருந்தன. பேடா கால் கிலோ வாங்கினோம், ஸணோஸரா போவதற்குள் தீர்ந்துவிட்டது.

லோக்பாரதியில் வேப்ப மர நிழலில் நடந்துகொண்டே இருக்கலாம். படிக்கிறவர்கள் வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் வேலை செய்ய வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே விதி. 'லோக்-1' என்ற கோதுமை ரகம் இங்கேதான் உருவானது. லட்சக்கணக்கான விவசாயிகள் விதைத்த ரகம். உருவாக்கியவர் ஜவேர்பாய் படேல். ஒரு கல்வி நிறுவனத்தின் பெயர் சப்பாத்தி வழியாக வீடு வீடாகப் போயிருக்கிறது. கையில் ஒரு கதிரை வைத்துக்கொண்டு பாப்பா ரொம்ப நேரம் மணியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போதுதான் சிக்கல். பேச்சு வாக்கில் பேருந்தை விட்டுவிட்டோம், அடுத்ததற்கு ரொம்ப நேரம் ஆகும் என்றார்கள். வேறு வழியில்லாமல் சக்டோவில் ஏறினோம். முன்பக்கம் புல்லட் மோட்டார் சைக்கிள், பின்பக்கம் ஆள் ஏறும் வண்டி. எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் பதினாலு பேர். டபடப சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இருட்டிவிட்டது, புழுதியும் குளிரும் நேராக முகத்தில். காலைத் தொங்கப்போட்டிருந்ததில் என் இடது செருப்பு கழன்று விழுந்துவிட்டது. நான் சும்மா இருந்தேன், இத்தனை பேரை நிறுத்த வேண்டாமே என்று. பாப்பா கத்திவிட்டாள். ஓட்டியவர் வண்டியை நிறுத்தி, திருப்பி, செல்போன் வெளிச்சத்தில் தேடினார். நாலைந்து பேர் இறங்கி அவர்களும் தேடினார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. செருப்பைக் கொண்டுவந்து கொடுத்த பையன் அதைத் தன் சட்டையில் துடைத்துவிட்டுக் கொடுத்தான்.

ராத்திரி சாப்பாடு நாங்கள் தங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே. கம்பு ரோட்லா, மேலே வீட்டு வெண்ணெய், வெல்லத் துண்டு, சுட்ட கத்தரிக்காயை மசித்த ஓளோ, பூண்டு போட்ட உருளைக்கிழங்கு, மோர். ஆளுக்கு நூற்றி எண்பது ரூபாய், போதும் போதும் என்றாலும் போடுகிறார்கள். கத்தரிக்காயைப் பார்த்ததும் பாப்பாவுக்குக் கதை வந்துவிட்டது. கிஜுபாய் நாட்டுப்புறத்திலிருந்து எடுத்துக் குழந்தைகளுக்கு எழுதிய தலா தர்வாடி கதை.

"தலா தர்வாடியோட பொண்டாட்டிக்குக் கத்தரிக்காய்னா ஆசை, அத்தை. அவர் அடுத்தவர் தோட்டத்துக்குப் போவார். ஆளே இல்லை. திருடக் கூடாதில்ல? அதனால தோட்டத்துக்கிட்டயே கேப்பார். 'வாடி ரே வாடி!' அவரே தோட்டம் மாதிரி குரலை மாத்திப் பதில் சொல்லுவார். 'என்ன சொல்றீங்க, தலா தர்வாடி?' 'ரீங்கணா லவு பே-சார்?' ரெண்டு நாலு கத்தரிக்காய் எடுத்துக்கட்டுமா? 'ல்யோ நே தஸ்-பார்!' பத்துப் பன்னண்டு எடுத்துக்கோயேன்!"

அப்புறம் தோட்டக்காரர் வஷ்ராம் பூவா அவரைப் பிடித்துவிடுகிறார். பிடித்துக் கிணற்றுக்குள் இறக்கி, கிணற்றிடம் கேட்கிறார். "கூவா ரே கூவா!" "என்ன சொல்றீங்க, வஷ்ராம் பூவா?" "ரெண்டு நாலு முக்கு முக்கட்டுமா?" "பத்துப் பன்னண்டு முக்குங்களேன்!" குஜராத்தியில் வாடி என்றால் தோட்டம், கூவா என்றால் கிணறு. வாடிக்கு தர்வாடி, கூவாவுக்கு பூவா. கதையே அந்த எதுகையில்தான் நிற்கிறது. பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு நின்று, கடைசி வரியை பாப்பாவோடு சேர்ந்து சொன்னார்.

டிசம்பர் 28, வியாழன் – பாலமந்திர்

காலையில் எழுந்தால் குரல் இல்லை. நேற்றைய புழுதி. சாப்பாடு போட்ட அம்மா ஓமமும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் கொடுத்தார், தொண்டை இதமாக இருந்தது, சத்தம் வரவில்லை. பதினேழு வருடமாக டீச்சராக இருக்கிறேன், ஒரு பள்ளிக்கூடத்துக்குள் வாயைத் திறக்காமல் நுழைந்தது இதுதான் முதல் தடவை.

வாசலில் தட்சிணாமூர்த்தி என்ற பெயரைப் பார்த்ததும் ஆலங்குடி ஞாபகம். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். வியாழன் என்றால் குரு பகவான் சன்னதியில் மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையுமாகக் கூட்டம் நெரியும். நம்மூர் சிவன் கோயில் எல்லாவற்றிலும் தெற்குச் சுவரில் கல்லால மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர். வாயால் ஒன்றும் சொல்லாமல் சின்முத்திரை காட்டியே சனகாதி முனிவர்களின் சந்தேகத்தைத் தீர்த்தவர். சௌராஷ்டிரத்தில் ஒரு கல்வி நிறுவனம் அவர் பெயரில், அதுவும் தொடங்கிய தேதியும் இன்றைய தேதியும் ஒன்று, இன்றைக்குக் கிழமையும் வியாழன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மௌனத்தைப் பற்றி 'பகல் கனவு' புத்தகத்தில் ஓர் இடம் வருகிறது. முதல் நாள் வகுப்பில் லட்சுமிராம் அமைதி விளையாட்டு நடத்தப் பார்ப்பார். மாண்டிசோரி முறையில் அது முக்கியமான பயிற்சி. எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார்ந்து, சின்னச் சின்ன ஒலிகளைக் காது கொடுத்துக் கேட்பது. நடந்ததோ வேறு. ஒருவன் சத்தம் போட, இன்னொருவன் பதிலுக்குச் சத்தம் போட, வகுப்பே கூச்சலாகிவிடும். தோற்றுப்போய்ப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மறுநாள் வந்து, ஒரே ஒரு ராஜா இருந்தார் என்று கதை ஆரம்பிப்பார். முந்தின நாள் கேட்டுக் கிடைக்காத அமைதி கேட்காமலே வந்து உட்கார்ந்துவிடும். தன் கதாநாயகனை முதல் நாளே தோற்க வைத்து எழுதியிருக்கிறாரே, அங்கேதான் நான் அவரை நம்பினேன். அவர் வகுப்பறையில் நின்றவர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அப்புறம் பாடப் புத்தகத்துக்கான காசைச் சேர்த்து, பல வகைப் புத்தகங்களாக வாங்கி வகுப்புக்கே ஒரு நூலகம் வைப்பார். மற்ற வாத்தியார்கள் கேலி செய்வார்கள். அதையெல்லாம் படித்தபோது பக்கத்து வகுப்புச் சத்தம்போல இருந்தது.

உள்ளே சின்னச் சின்னப் பாய்கள், குழந்தைகளின் கை எட்டும் உயரத்தில் அலமாரி. என்னை யாரும் வணக்கம் சொல்லி வரவேற்கவில்லை. குழந்தைகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்கு அது பிடித்தது.

ஜன்னல் ஓரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பென் தரையில் உட்கார்ந்து மூன்று வயதுப் பையனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவன் முதலில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தான். அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கதை சொல்ல ஆரம்பித்தார். ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்தினார். நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பையன் கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்தான். பிறகு ஒரு கையை முன்னால் கொண்டுவந்து கட்டை விரலை நீட்டினான். டிக். அடுத்த வரி. ஆள்காட்டி விரல். டிக். அடுத்த வரி. ஐந்து விரல் முடிந்ததும் அவனே கையை மாற்றினான். கடைசிச் சுண்டு விரலில் கதை முடிந்தது. அவன் பத்து விரலையும் விரித்துப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, கால் விரலை நீட்டினான்.

சுற்றி இதற்குள் ஆறேழு குழந்தைகள் கூடிவிட்டார்கள். ஒரு சத்தம் இல்லை. நானும் அவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தேன், எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது.

என் வகுப்பில் பிரம்பால் மேசையைத் தட்டி "சைலன்ஸ்" என்று கத்துவேன். தட்டின உடனே அடங்கும், இரண்டு நிமிடத்தில் மறுபடியும் தொடங்கும். ஜூலையில் ஒரு பையனைப் பேசிக்கொண்டே இருக்கிறான் என்று ஒரு முழுப் பீரியடும் வெளியே நிற்க வைத்தேன். அன்றைக்கு அவன் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவன் சிரித்துவிட்டு ஓடிவிட்டான். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே அடி இல்லை, மிரட்டல் இல்லை என்று 1920-இல் ஒருவர் முடிவெடுப்பது எவ்வளவு பெரிய காரியம்! பிரம்பு இல்லாத பள்ளியை அன்றைய பெற்றோர் பள்ளி என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதனால் கிஜுபாய் பெற்றோருக்கும் எழுதினார், வாத்தியார்களுக்கும் எழுதினார், குழந்தைகளுக்கும் எழுதினார். பெரிதும் சிறிதுமாக இருநூறுக்கும் மேல். கதை எப்படிச் சொல்வது என்பதற்கே தனியாக ஒரு சாஸ்திரம் எழுதியிருக்கிறார். 1923-இல் தாராபாய் மோடக் வந்து சேர்ந்தார். ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர், மராத்திக்காரர். இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய சிக்ஷண் பத்திரிகா என்ற இதழும், 1925-இல் பாவ்நகரில் கூட்டிய மாண்டிசோரி மாநாடும்தான் இந்த வேலையை ஊரைத் தாண்டிக் கொண்டுபோயின. பிறகு தாராபாய் மகாராஷ்டிரத்தின் போர்டியிலும் கோஸ்பாடிலும் ஆதிவாசிக் குழந்தைகளின் வீட்டு வாசலிலேயே பள்ளி நடத்தினார். மாண்டிசோரி என்றால் விலை உயர்ந்த சாமான், காசு உள்ளவர்கள் சேர்க்கும் பள்ளி என்றுதான் இப்போது நம் பக்கம் ஆகிவிட்டது. வருத்தமாக இருக்கிறது. இவர்கள் அதை மண்ணும் கதையும் பாட்டுமாக மாற்றி ஏழைப் பிள்ளைகளிடம் கொண்டுபோனவர்கள்.

கிஜுபாய் 1936-இல் தட்சிணாமூர்த்தியை விட்டு வெளியே வந்தார். 1939 ஜூன் 23-இல் பம்பாயில் இறந்தார். வயது ஐம்பத்து மூன்றுதான்.

கிளம்பும்போது நன்றி சொல்ல வாயெடுத்தேன், காற்றுதான் வந்தது. கைகூப்பினேன். நகம் வெட்டிய பையன் தன் பத்து விரலையும் என்னிடம் காட்டினான்.

டிசம்பர் 29, வெள்ளி – திரும்பும் வழி

காலையில் பார்ட்டன் நூலகம். 1882-இல் தொடங்கியது. மர அலமாரிகளும் பழைய காகித வாசனையுமாக இருந்தது. அரை மணி நேரம்தான் இருக்க முடிந்தது. எனக்கு இருமல், மற்றவர்களுக்குத் தொந்தரவு. வீட்டுக்குக் காட்டியா ஒரு கிலோ வாங்கிக்கொண்டோம், பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு கிலோ.

பேருந்தில் குரல் பாதி திரும்பியது. ஜனவரியில் பள்ளி திறக்கும் அன்றைக்கு தலா தர்வாடியைத்தான் சொல்லப்போகிறேன் என்று பாப்பாவிடம் சொன்னேன். ஆனால் தோட்டம், கிணறு என்று சொன்னால் எதுகை போய்விடும், கதை செத்துவிடும். இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடும் இடத்துக்குக் கொல்லை என்று பெயர். கொல்லைக்கு செல்லையா சரியாக வந்தது.

"கொல்லையே கொல்லையே!"

"என்ன செல்லையா?"

"கத்தரிக்காய் பறிக்கட்டுமா ஒண்ணு ரெண்டு?"

"பறிச்சுக்கோயேன் பத்துப் பன்னண்டு!"

கிணறுதான் மசியவில்லை. கிணறு, உணரு, புணரு, எதுவும் ஆள் பெயராக வரவில்லை. பழைய வார்த்தை கேணி என்றேன். கேணின்னா என்ன என்று கேட்டாள், சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வல்லபீபூர் டீக்கடை கடந்து போனது, கட்டிலில் இன்றைக்கு வேறு யாரோ இருந்தார்கள். தந்துகா தாண்டின பிறகு திரும்பி, "அத்தை, தோட்டக்காரர் வேண்டாம். தோட்டக்காரி. அவங்க பேரு வேணி" என்றாள்.

பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அவள் முதலிலிருந்து மொத்தத்தையும் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். முன் இருக்கைப் பெரியவர் திரும்பினார். தமிழ் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தாளத்தை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்போல. "தலா தர்வாடி?" என்று கேட்டார். பாப்பா தலையாட்டிவிட்டு, கேணியின் குரலில் வேணியைக் கூப்பிட்டு, முக்கி எடுக்கட்டுமா ஒண்ணு ரெண்டு என்று நிறுத்தினாள்.

"ல்யோ நே தஸ்-பார்!" என்றார் பெரியவர்.